தப்பித்த அரைமணி

திருப்போரூர் அருகே 2025 டிசம்பரில் வொண்டர்லா கேளிக்கைப் பூங்கா திறக்கப்பட்ட பிறகு, மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் விடுமுறை வந்தால் பழைய மாமல்லபுரம் சாலைப் பிரயாணத்தைப் பற்றிப் பேச்செழாத வீடு குறைவு. இத்தகைய பூங்காக்களில் சாதாரணச் சீட்டு வாங்கியவர் கம்பித் தடுப்புக்குள் வளைந்து வளைந்து நகர, கூடுதல் கட்டணம் செலுத்தி 'ஃபாஸ்ட் டிராக்' பெற்றவர் பக்கத்து வழியே விரைந்து சென்று ராட்டினத்தில் அமர்ந்துவிடுகிறார். அப்படியொரு வரிசையில் பேரனோடு நின்றபோது என்னை வியப்பில் ஆழ்த்தியது, எங்களைக் கடந்து சென்றவர்கள்மேல் எவருக்கும் கோபம் வரவில்லை என்பதே. எல்லோரும் விலைப்பலகையைப் பார்த்து மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். திருமலையின் 300 ரூபாய் சிறப்பு நுழைவு தரிசனத்தில் பழகிய ஜனங்களுக்கு இது புதிதுமல்ல.

ஆயினும் அந்தக் கணக்கில் ஒரு செலவு விட்டுப்போகிறது. ஒரு மணி நேரத்தில் ராட்டினம் ஏற்றி இறக்கக்கூடியவர்களின் தொகை இயந்திரத்தினால் நிர்ணயமானது. சந்நிதியைக் கடக்கக்கூடியவர்களின் தொகையும் ஏறக்குறைய அப்படித்தான். ஆகவே பணம் கொடுத்தவர் தப்பித்துக்கொண்ட அரைமணி எங்கும் மறைந்துவிடுவதில்லை. பின்னால் நிற்கும் நூறு பேர்மீது துளித்துளியாக இறங்குகிறது. விலையைப் பெறுவது நிர்வாகம். சரக்கைக் கொடுப்பவர்களோ, தாங்கள் விற்றதையே அறியாமல் வெயிலில் நிற்கிறவர்கள். அந்தப் பணம் அன்னதானத்துக்கே போனாலும், பிறருடைய பொழுதை அவர்களைக் கேளாமல் தானம் செய்வது விசித்திரமான தர்மம்தான். முதியவருக்கும் கைக்குழந்தையோடு வருபவளுக்கும் வழிவிடுவது வேறு. அதற்கு வரிசையே மனமுவந்து சம்மதிக்கிறது.

கூட்டத்தை ஆள்வதற்கு வேறு உபாயம் இல்லாமலில்லை. அமெரிக்க டிஸ்னி பூங்காக்களில் 1999இல் வந்த 'ஃபாஸ்ட்பாஸ்' இலவசமானது. உள்ளே வந்த எவரும் சீட்டெடுத்துக்கொண்டு, குறித்த வேளைக்குத் திரும்பி வரலாம். திருமலையின் இலவச நேர டோக்கனும் அந்த ஜாதியே. காத்திருப்பு இருந்தது, கால்கடுப்பு இல்லை. 2021இல் டிஸ்னியே ஃபாஸ்ட்பாஸைக் கைவிட்டுக் கட்டண முறைக்கு மாறியது. இலவசமாக இருந்த சௌகரியத்துக்கு விலைவைக்கத் தெரிந்தபின் எந்த வியாபாரிதான் சும்மா இருப்பான்?

பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள், அறுபத்து மூவர் உற்சவத்தன்று, எந்தப் பூங்காவும் காணாத ஜனத்திரள் மயிலையின் நான்கு மாடவீதிகளிலும் நிறைகிறது. நீர்மோரும் பானகமும் கை மாறுகின்றன. இருந்த இடத்தில் இருக்கும் மூர்த்தியை நாடி நாம் வரிசையில் செல்வதற்குப் பதிலாகக் கபாலீசுவரரும் நாயன்மார்களும் நம்மைத் தேடி வீதிவலம் வருவதால், அங்கே முன்வரிசை என்பது ஒரே இடத்தில் நிலைப்பதில்லை. வீதியோரம் மாடி வைத்திருப்பவர்களுக்கு அன்று மட்டும் தூரத்து உறவினர் பெருகிவிடுவது வாஸ்தவமே. ஆனால் மேலே இருப்பவர் எத்தனை நேரம் பார்த்தாலும் கீழே நிற்பவரின் தரிசனத்தில் ஒரு நிமிஷமும் குறைவதில்லை.