பார்ப்பவர் பட்ட கடன்

சமுதாயத்தை ஆராய்வோர் கையாளும் முறைகளுள் கூர்ந்து நோக்கல் என்பதும் ஒன்று. மக்களோடு மக்களாக வாழ்ந்து, கண்டதை எழுதுவது அது. சொல் ஒன்று, செயல் வேறொன்று என்பது மனித இயல்பாதலின், வினாப்பட்டியலைவிட இம்முறையை நாம் மேலானதாகக் கருதுகிறோம். ஆயினும், பார்க்கப்பட்டவருக்குப் பார்த்தவர் பட்ட கடன் என்ன?

வில்லியம் ஃபூட் வைட் என்னும் அமெரிக்க அறிஞர் 1936இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் உதவித்தொகை பெற்று, பாஸ்டன் நகரில் இத்தாலியக் குடியேறிகள் நெருங்கி வாழ்ந்த பகுதியை ஆராயப் புகுந்தார். உணவு விடுதி நடத்திய ஒரு குடும்பத்தாருடன் தங்கினார். இத்தாலிய மொழி பயின்றார். தெருமுனை இளைஞர் குழுவொன்றின் தலைவர் அவரைத் தம் நண்பரென்று அறிமுகம் செய்தார். நூலில் அத்தலைவருக்கு டாக் என்பது புனைபெயர். வைட் ஒருநாள் சூதாட்டம் நடத்துபவரிடம், காவலர்களுக்குக் கையூட்டுத் தருவது குறித்து வெளிப்படையாகவே கேட்டுவிட்டார். கேள்விகளை விட்டுவிட்டுச் சும்மா உடனிருக்குமாறு மறுநாள் டாக் அறிவுறுத்தினார்.

அவ்வாறு உடனிருந்ததால் கிட்டியவை அரியவை. பந்துருட்டும் ஆட்டத்தில் அவ்விளைஞர்கள் பெற்ற வரிசை, பெரும்பாலும் குழுவில் அவரவர்க்கிருந்த மதிப்பின் வரிசையாகவே அமைந்தது! தனியே திறமையாக ஆடிய கீழ்நிலை இளைஞர், நண்பர்கள் முன் தோற்றார். எந்த வினாத்தாள் இதை வெளிக்கொணரும்?

விலை கொடுத்தவர் டாக். முன்பெல்லாம் இயல்பாகச் செய்ததை, இப்போது வைட்டுக்கு எவ்வாறு விளக்குவது என்று எண்ணியே செய்ய வேண்டியிருப்பதாக அவர் கூறினாராம். யோசனையற்று வாழும் எளிமையை ஒருவரிடமிருந்து எடுத்துக்கொள்வது சிறிய இழப்பன்று.

1943இல் நூல் வெளிவந்தது. புனைபெயர் அயலாரிடம் மறைக்கும். அண்டை வீட்டாரிடம் மறைக்குமா? உடனமர்ந்து உண்டவரிடம் சொன்ன சொல் அமானிதம் அன்றோ! வைட் இதை உணராதவரல்லர். கையெழுத்துப் படியை டாக்கிடம் காட்டிக் கருத்துக் கேட்டார். 1955ஆம் ஆண்டுப் பதிப்பில், தாம் ஆராய்ந்த விதத்தை நெடிய பின்னிணைப்பாக எழுதினார். தேர்தலொன்றில் பலமுறை வாக்களித்த தம் குற்றத்தையும் அதில் ஒளிக்கவில்லை. பிறரைத் திறந்து காட்டியவர் தம்மையும் திறந்து காட்டியது நேர்மையே. ஆனால் தம்மைப் பற்றி எதைச் சொல்வது, எதை விடுவது என்று தீர்மானிக்கும் உரிமை அவரிடம் இருந்தது. தெருமுனை இளைஞர்க்கு அது இல்லை. அப்பகுதியைச் சேர்ந்த ஒருவர் நூலைப் படித்துவிட்டு, எழுதியது உண்மைதான் என ஒப்புக்கொண்டார். ஒப்பனையின்றி அயர்ந்திருந்த வேளையில் தம் மக்களைப் படம் பிடித்துவிட்டதே அவருக்குக் குறை.