மேகத்தைக் கண்டு மயங்காதீர்!



“புயல் வலுவிழந்துவிட்டது” என்று கேட்டதும் நாம் கவலையை விட்டுவிடுகிறோம். அந்த நிம்மதி எவ்வளவு பொல்லாதது என்பதை நமது கிள்ளான் பள்ளத்தாக்கு 2021-ஆம் ஆண்டு டிசம்பரில் கண்டது.

தென்சீனக் கடலில் தோன்றிப் பகாங் கரையேறிய அந்தக் காற்றழுத்தத் தாழ்வு, பெயர் சூட்டும் அளவுக்குக்கூட வளரவில்லை. நிலத்தில் ஏறியதும் காற்றின் வேகம் தளர்ந்தது. அது சுமந்து வந்த நீரோ தளரவில்லை. 17-ஆம் நாள் வெள்ளிக்கிழமையும் மறுநாளும் மழை ஓயாது கொட்டிற்று. கோலாலம்பூரில் ஒரு மாத மழை ஒரே நாளில் பெய்தது. ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகள் மூழ்கின. மக்கள் மாடியிலும் கூரையிலும் படகுக்காகக் காத்துக் கிடந்தனர். நாடெங்கும் 50-க்கு மேற்பட்டோர் மாண்டனர். மழை மட்டுமா? தளர்ந்த புயலின் மேகங்களிலிருந்தே இடியும் மின்னலும், சில சமயம் தகரக் கூரையைப் பெயர்த்தெறியும் சுழற்காற்றும் பிறக்கின்றன.

ஆது கூட்டத்தாரின் வரலாற்றைத் திருமறையின் அல்அஹ்காஃப் அத்தியாயம் கூறுகிறது. தங்கள் பள்ளத்தாக்கை நோக்கி வந்த மேகத்தைக் கண்டு, மழை வருகிறதென்று அவர்கள் மகிழ்ந்தார்கள், வந்ததோ அழிவு! இதனை எண்ணியே, கருமேகத்தைக் கண்டால் நாயகம் (ஸல்) அவர்களின் திருமுகத்தில் கவலை படர்ந்தது என அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். அல்லாஹ்வின் தூதரே அஞ்சினார்கள் என்றால், நாம் அலட்சியமாயிருக்கலாமா?

ஆனால் வெள்ளத்தில் மாண்டோரைப் பாவிகள் என்று பழிக்க வேண்டாம். நீரில் மூழ்கி இறக்கும் முஃமினுக்கு ஷஹீதின் அந்தஸ்து உண்டு என்பது நபிமொழி.

“எல்லாம் அல்லாஹ் பார்த்துக் கொள்வான்” என்று சும்மா இருப்பது தவக்குல் அன்று. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனை நம்பச் சொன்ன மார்க்கம் நம்முடையது. கடுங்குளிரும் மழையுமுள்ள இரவில், அவரவர் இருப்பிடத்திலேயே தொழும்படி பாங்கிலேயே அறிவிக்கச் செய்தார்கள் நமது நாயகம் (ஸல்) அவர்கள். ஆகவே எச்சரிக்கை வந்ததும் வீட்டைவிட்டு வெளியேறுவது ஈமானுக்குக் குறைவாகாது.

பத்திரங்களை உயரத்தில் வையுங்கள். முதியோரையும் குழந்தைகளையும் முதலில் அனுப்புங்கள். அண்டை வீட்டார் எந்த இனத்தவராயினும் அவர் கதவையும் தட்டுங்கள். அன்றைய வெள்ளத்தில் பள்ளிவாசலும் கோயிலும் குருத்துவாராவும் சோறாக்கிக் கொடுத்தன. பசித்தவரிடம் எவரும் மதம் கேட்கவில்லை. அந்த அன்பு வெள்ளத்தோடு வடிந்துவிடலாகாது.

எல்லாம் வல்ல அல்லாஹ், மழையை நமக்கு ரஹ்மத்தாக ஆக்கியருள்வானாக! ஆமீன்.