அரக்கரைக் கொல்வது அறமா?

ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் தன் கட்டுரை ஏட்டின் கடைசிப் பக்கத்தில் பாம்புக் கூந்தலையுடைய ஒரு பெண்ணுருவை வரைந்திருந்தான். யார் இவள் என்று கேட்டேன். "மெடூசா, ஐயா. இவளைப் பார்த்தால் கல்லாகிவிடுவோம். அண்ணனுடைய கணினி விளையாட்டில் வருவாள். நான் கொன்றுவிட்டேன்" என்றான் பெருமிதத்தோடு. கதை சொல்லும் ஆவல் ஆசிரியர்க்கே உரிய நோய். அவளுடைய பழங்கதையைப் பிள்ளையின் வயதுக்கேற்ற அளவில் எடுத்துரைத்தேன். கேட்டு முடித்தவன் சற்றுநேரம் பேசாதிருந்தான். பின்னர், "அப்படியென்றால் நான் அவளைக் கொன்றது தவறா, ஐயா?" என்றான்.

"அது வெறும் விளையாட்டுத்தானே" என்று சொல்லி அவனை வகுப்பிற்கு அனுப்பிவிட்டேன். அவன் சென்ற பிறகுதான், வினாவுக்கு விடை கூறாமல் தப்பித்துக்கொண்டோம் என்பது உள்ளத்தில் உறைத்தது. அன்று கூறத் தவறிய விடையைத் தேடும் முயற்சியே இக்கட்டுரை.

இன்றைய இளைஞர் விரும்பியாடும் கற்பனைக் கணினி விளையாட்டுகள் பலவும் பழம்புராணங்களின் களஞ்சியத்திலிருந்தே தம் மாந்தரையும் விலங்குகளையும் பெற்றுக்கொள்கின்றன. கிரேக்கத்தின் ஒற்றைக்கண் பூதமும் காளைத்தலை மனிதனும் அங்கே உலவுகின்றனர். சீனத்துக் குரங்கு வீரன் சன் வூகோங்கின் கதையைத் தழுவி 2024ஆம் ஆண்டில் ஒரு பெரும் விளையாட்டு வெளிவந்தது. 2020ஆம் ஆண்டில் புனே நகரத்து இளைஞர்கள் படைத்த 'ராஜி' என்னும் விளையாட்டில், துர்க்கையின் அருள்பெற்ற ஒரு சிறுமி அசுரரை எதிர்க்கிறாள். ஜப்பானில் 1987இல் தொடங்கிய 'ஃபைனல் ஃபேன்டசி' வரிசையிலோ, சிவா என்னும் பெயர் பனியை ஏவும் ஒரு பெண்ணுக்குச் சூட்டப்பட்டுள்ளது. அரபுப் பழங்கதைகளில் உலகத்தைத் தாங்கும் மாபெரும் மீனாகிய பகமூத், அதே வரிசையில் பறக்கும் நாகமாக உருமாறி நிற்கிறது.

இவற்றைக் கண்டு, புராணங்கள் சிதைக்கப்படுகின்றன என்று வருந்துவோர் நம்மிடையே உண்டு. அவ்வருத்தத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும், மாற்றப்படாத புராணம் என்று ஒன்று உண்டா? மெடூசாவையே எடுத்துக்கொள்வோம். கி.மு. 700 அளவில் வாழ்ந்த எசியட் என்னும் கிரேக்கப் புலவர், அவளைப் பிறவியிலேயே அரக்கியர் மூவருள் ஒருத்தியாகக் கூறினார். ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகள் கழித்து ரோமாபுரிக் கவிஞர் ஓவிட் அக்கதையை வேறாகப் பாடினார். அவர் காட்டும் மெடூசா அழகிய கூந்தலையுடைய ஒரு கன்னி. கோயிலினுள்ளே கடல் தெய்வம் அவளுக்குப் பெருங்கொடுமை இழைத்தது. கோயிலுக்குரிய தேவியோ கொடுமை செய்தவனை விட்டுவிட்டு, அதற்கு ஆளானவளின் கூந்தலைப் பாம்புகளாக்கினாள். அவள் உறங்கும்போது, கேடயத்தில் தெரிந்த நிழலை மட்டுமே நோக்கியவாறு தலையைக் கொய்தான் பெர்சியூஸ்.

நம் மரபிலும் இத்தகைய மாற்றம் புதிதன்று. வான்மீகத்தில் பிறர் கண்ணுக்குப் புலப்படாமல் தவமிருந்த அகலிகை, கம்பன் காவியத்தில் கல்லானாள். புதுமைப்பித்தனின் 'சாப விமோசனம்' அவளுடைய உள்ளத்துள் புகுந்து பார்த்தது. ஆதலின் மாற்றம் குற்றமன்று. அம்மாற்றம் நம் இரக்கத்தை விரிக்கிறதா, சுருக்குகிறதா என்பதே நாம் எழுப்ப வேண்டிய வினா. ஓவிட் விரித்தார். மாணவன் ஆடிய விளையாட்டோ, அவளிடமிருந்து பாம்புகளை எடுத்துக்கொண்டு துயரத்தை விட்டுவிட்டது.

"சதுரங்கத்தில் யானையை வெட்டியவன் யானையைக் கொன்ற பாவத்துக்கு ஆளாவானா?" என்று சிலர் கேட்கலாம். ஆகான். சதுரங்கத்து யானைக்குக் கதை இல்லை. மெடூசாவுக்கோ கதை உண்டு. பெயரைக் கடன் வாங்கியவர் கதைக்கும் கடன்பட்டவரே. மேலும், கதையைக் கேட்கும்போது பெர்சியூஸ் கொல்கிறான், நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். விளையாட்டிலோ வாள் நம் கையில் இருக்கிறது. கேட்போன் செய்வோனாக மாறுகின்ற இவ்விடத்திலேதான் விளையாட்டு மற்றக் கலைகளிலிருந்து வேறுபடுகிறது. அதன் அறப்பொறுப்பும் இங்கேதான் தொடங்குகிறது.

இப்பொறுப்பைப் படைப்பாளிகள் அறவே உணரவில்லை என்று கூறுதல் தகாது. கணினித் துறையிலுள்ள முன்னாள் மாணவர் ஒருவர், வயது வந்தோர்க்கென வகைப்படுத்தப்பட்ட 'காட் ஆஃப் வார்' என்னும் விளையாட்டை எனக்குத் திரையில் காட்டி விளக்கினார். 2005இல் வந்த முதல் பகுதியில் கிரேட்டோஸ் என்னும் வீரன் மெடூசாவின் தலையைத் துண்டித்து, அதையே தன் படைக்கலமாக ஏந்துகிறான். 2018இல் வந்த பகுதியிலோ, அதே வீரன் வடபுலத் தெய்வங்களின் நாட்டில் ஒரு சிறுவனுக்குத் தந்தை. பெற்றோரைக் கொல்வதுதான் தேவர்குலத்தின் முடிவா என்று மகன் கலங்கும்போது, தன் தந்தையைக் கொன்றவன் தானே என்பதை அவன் ஒப்புக்கொள்கிறான். கொலையைக் கொண்டாடிய வரிசை, பதின்மூன்று ஆண்டுகளில் கொலைக்குக் கணக்குக் கேட்கும் நிலையை எய்தியது. 2020இல் வந்த 'ஹேடீஸ்' என்னும் விளையாட்டில், பாறையை ஓயாது உருட்டும் தண்டனை பெற்ற சிசிபஸ் பகைவனல்லன். நின்று உரையாடத்தக்க நண்பன். பிரிந்துபோன பாணன் ஆர்பியூசையும் அவன் மனைவியையும் சேர்த்துவைக்க ஆடுவோனுக்கே அங்கு வழியுண்டு. இரக்கத்தை விதியாக அமைத்தாலும் விளையாட்டு சுவைக்கும் என்பதற்கு இவை சான்று.

இத்துணை ஆராய்ச்சி ஒரு பொழுதுபோக்குக்குத் தேவையா எனலாம். பள்ளிக்கூடத்தில் வாழ்பவன் அதன் தேவையை அறிவான். "முரடன்", "திருந்தாதவன்" என்னும் பெயர்களோடு என் அறைக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகள் பலர். அவர்களுள் சிலருக்கு அப்பெயரை நானே சூட்டியிருக்கிறேன். பின்னொருநாள் அவர்கள் வீட்டுவாசலில் நின்றபோதுதான், அந்த முரட்டுத்தனம் எங்கே விளைந்ததென்று கண்டு தலைகுனிந்தேன். பெர்சியூசைப் போல நானும் நிழலைப் பார்த்தேனேயன்றி முகத்தைப் பார்க்கவில்லை.

சில நாள் கழித்து அம்மாணவனை அழைத்தேன். "நீ விளையாடியது குற்றமன்று, தம்பி. ஆனால், இவளை இப்படி ஆக்கியவர் யார் என்று கேளாமல் வாளை ஓங்குவது சரியன்று" என்றேன். அவன் சிந்தித்துவிட்டு, "அவளைக் கொல்லாமல் அடுத்த கட்டத்துக்குப் போக வழியே இல்லையே, ஐயா" என்றான்.

உண்மைதான். வழி வைக்காதவர் அவ்விளையாட்டைப் படைத்தவர். அவ்வழியைக் கதையாகவேனும் பிள்ளைகளுக்குக் காட்டும் கடமை பெற்றோரையும் ஆசிரியரையும் சார்ந்தது. விளையாட்டுகளைப் பழித்து ஒதுக்குவதால் பயனில்லை. அவை பாதியில் விட்ட கதையை நாம் முடித்துச் சொல்வோம். "நான் செய்தது தவறா?" என்று ஒரு பிள்ளை கேட்கும்போது, "வெறும் விளையாட்டு" என்று மட்டும் இனி நான் கூறமாட்டேன்.