போட்டியும் நட்பும்

விடுதியில் தங்கிப் பயிலும் நம் பெண்மக்களிடையே மதிப்பெண் போட்டி இயல்பு. பொதுத்தேர்வில் மாநில முதலிடங்களை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017-இல் கைவிட்டது. ஆயினும் ஒப்பீடு மாணவியர் மனத்தை விட்டு அகலவில்லை. ஒருத்தி முந்தினால் மற்றவள் முகம் வாடுகிறது.

இத்தகைய இருவர் எதிர்பாராமல் ஒன்றுபடுவதும் உண்டு. மூன்றாம் ஒருத்தியைத் தூற்றுவதற்காகக் கூடுவது ஒரு வகை. அங்கே பகைமை தணியவில்லை. வேறொருத்தி மேல் பாய்கிறது. இரவு உண்ணா நோன்புடைய இருவர், பொழுது சாயுமுன் உணவளிக்குமாறு விடுதிக் காப்பாளரிடம் சேர்ந்து வேண்டுவது மற்றொரு வகை. இது நன்றே. எனினும் வேண்டியது கிடைத்தபின் இந்த ஒற்றுமை நிலைக்குமா?

தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் நான்கு பாவனைகளைக் கூறுகிறது: எல்லா உயிரிடத்தும் மைத்திரி, குணத்தில் உயர்ந்தோரிடத்துப் பிரமோதம் என்னும் உவகை, துன்புறுவோரிடத்துக் காருண்யம், நெறிக்கு இணங்காதாரிடத்து நடுநிலை. போட்டியிடுவோர்க்கு இவற்றுள் அரியது பிரமோதமே. காய்ச்சலுற்ற தோழிக்குக் கஞ்சி கொடுத்தல் எளிது. அவளே தன்னை முந்தி நிற்கையில் மனமார மகிழ்தல் அரிது. இரக்கம் காட்டும்போதும் செருக்கு உள்ளே ஒளிந்திருக்கக்கூடும். பிறர் உயர்வில் மகிழும்போது அதற்கு இடமில்லை.

ஆகவே பெற்றோரே, விடுமுறைக்கு வரும் மகளிடம், "எத்தனையாவது இடம்?" என்று வினவுமுன், "உன்னை முந்தியவளிடம் நீ கண்ட நற்குணம் யாது?" என்று கேளுங்கள். அவள் தயங்காது விடை கூறுவாளாயின், அங்கே நட்பு வேரூன்றிவிட்டது என்று அறியலாம்.