தாழ்ந்து ஒளிரும் விளக்கு

ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்மேற்கு மூலையில், கேப்டவுன் நகருக்குத் தெற்கே கடலுக்குள் நீண்டு நிற்கிறது கேப் பாயிண்ட் என்னும் பாறைமுனை. அதன் செங்குத்துப் பாறைகளில் நீர்க்காகங்கள் கூடு கட்டுகின்றன. அலை வடிந்த கரையில் பபூன் என்னும் பெருங்குரங்குகள் சிப்பிகளைத் தேடி உண்கின்றன. கடுங்காற்று வீசும் அங்கே உயர்ந்த மரங்கள் அரிது. மண்ணோடு ஒட்டித் தாழ வளரும் புதர்ச்செடிகளே நிலைத்து நின்று பூக்கின்றன.

மாலுமிகள் அஞ்சிய அக்கடலில் வழிகாட்டுவதற்காக, 1860-இல் முனையின் உச்சியில், 200 மீட்டருக்கும் மேலான உயரத்தில், ஒரு கலங்கரை விளக்கம் ஏற்றப்பட்டது. ஆனால் மேகமும் மூடுபனியும் அதன் ஒளியை அடிக்கடி மறைத்தன. 1911-இல் லூசிடானியா என்ற போர்த்துக்கீசியக் கப்பல் அம்முனையருகே பாறையில் மோதியது. அதன் பின்னர், கடல்மட்டத்திலிருந்து 87 மீட்டர் உயரத்திலேயே புதிய விளக்கம் கட்டப்பட்டு, 1919-இல் ஒளிரத் தொடங்கியது. பழையது இன்றும் உச்சியில் நிற்கிறது. கப்பல்களுக்கு வழிகாட்டுவதோ கீழே உள்ளதுதான்.

சாதகர்களுக்கு இதில் ஒரு பாடம் உண்டு. கல்வியும் தவமும் ஒருவரை உயர்த்தலாம். ஆனால் ‘நான் உயர்ந்தவன்’ என்னும் எண்ணம் மூடுபனியாகச் சூழ்ந்துவிட்டால், அவருள் இருக்கும் ஒளி பிறருக்கு எட்டுவதில்லை. துன்பக் கடலில் தத்தளிப்பவனுக்குத் தேவை, அவன் கண்ணுக்குப் புலப்படும் ஒளி. எனவே, பிறருக்கு வழிகாட்ட விரும்புபவர் முதலில் அவர்கள் நிற்கும் இடத்தை அறிந்து, அங்கே பணிவுடன் இறங்கிச் செல்ல வேண்டும். அந்தப் பணிவே சேவையின் தொடக்கம்.