விடுவதற்கும் கை பழக வேண்டும்

ஸ்ட்ராபெரி நீர்த்தேக்கத்துக்குக் குளிர்காலத்தில் மீன் பிடிக்கப் போகிறவர் எதை மறந்தாலும் அளவுகோலை மறக்கக் கூடாது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 7,600 அடி உயரத்தில் இருக்கிறது இந்த மலை ஏரி. உறைந்துவிட்டால் வசந்தம் வரும்வரை உறைந்தே கிடக்கும். தெளிந்த பனிக்கட்டி குறைந்தது 4 அங்குலக் கனமாவது இருந்தால்தான் அதன்மேல் கால் வைக்கலாம். நடந்து போய், எட்டோ பத்தோ அங்குல அகலத்தில் துளை போட்டு, தூண்டிலை இறக்கிக் காத்திருக்க வேண்டும். மீன் வந்ததும் தாடைக்கு அடியில் செம்மஞ்சள் கீற்று தெரிகிறதா என்று பார்ப்போம். தெரிந்தால் அது கட்த்ரோட் டிரவுட். நீளம் 15 அங்குலத்துக்கும் 22 அங்குலத்துக்கும் இடையில் இருந்தால் அதைத் திரும்ப நீரில் விட்டாக வேண்டும். பல ஆண்டுகளாக இங்கே இதுதான் விதி.

குஞ்சை விட்டுவிடு என்று சொல்லும் விதியைப் பல ஊர்களில் பார்க்கலாம். இங்கே சின்ன கட்த்ரோட்டில் இரண்டை எடுத்துக்கொள்ளலாம், மிகப் பெரியதில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். நடு வயது மீனைத்தான் தொடக் கூடாது. காரணம் ஏரியின் கதையில் இருக்கிறது. மலைக்கு அந்தப்புறத்து வயல்களுக்குச் சுரங்கம் வழியாகத் தண்ணீர் கொண்டுபோக 1913 வாக்கில் உருவானது பழைய ஏரி. 1974இல் சோல்ஜர் கிரீக் அணை கட்டி முடிந்தபின் அது பல மடங்கு பெருகியது. டிரவுட்டோடு வேண்டாத சப், சக்கர் மீன்களும் பெருகி, இரையையும் இடத்தையும் பிடித்துக்கொண்டன. கடைசியில் 1990இல் ஏரி முழுவதும் ரோட்டினோன் என்ற நஞ்சைக் கலந்து, இருந்த மீன்களை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினார்கள். பேர் (Bear) என்ற ஏரியின் வழிவந்த கட்த்ரோட்டைக் கொண்டுவந்து விட்டார்கள். வளர்ந்ததும் மற்ற மீன்களைத் தின்னும் இனம் அது. சப் மீண்டும் தலையெடுக்காமல் ஏரியைக் காத்து வருவது, நாம் விட்டுவிடும் அந்த நடு அளவு மீன்கள்தான். ஆகவே இந்த விடுதலையில் கருணைக்குப் பெரிய பங்கு இல்லை. அது ஏரிக்கு நாம் செலுத்த வேண்டிய கடமை.

விடுவது என்றால் கையைத் திறந்தால் போதும் என்றுதான் கரையில் நிற்பவருக்குத் தோன்றும். ஆனால் வெளியே சுழியத்துக்கு 15 டிகிரி கீழே காற்று வீசிக்கொண்டிருக்கும். பனிக்கு அடியில் உள்ள நீரோ சுழியத்துக்குச் சற்று மேலே, ஆழத்தில் 4 டிகிரி வரை இருக்கும். அங்கே வாழ்கிற மீனைத் தூக்கி இந்தக் காற்றில் பிடித்தால், செவுளின் மெல்லிய இழைகள் உறையத் தொடங்கிவிடும். உலர்ந்த கையுறையோடு பிடித்தாலும், பனித்தரையில் கிடத்தினாலும் உடலைக் காக்கும் வழவழப்புப் படலம் உரிந்துபோகும். அது நீந்திப் போய்விட்டது போலத்தான் நமக்குத் தெரியும்; பிறகு எங்கோ ஆழத்தில் செத்துப்போகலாம். அதனால் கையுறையைக் கழற்ற வேண்டும். கையை அந்தத் துளை நீரிலேயே நனைத்துக்கொள்ள வேண்டும். மீனை முடிந்தவரை நீரிலேயே வைத்துத் தூண்டில் முள்ளை எடுக்க வேண்டும். ஆழமாக விழுங்கியிருந்தால் பிடுங்கவே கூடாது. தூண்டில் நரம்பை வாய்க்கு அருகே வெட்டிவிட வேண்டும். மீனுக்கு நோகாமல் இருக்க வேண்டுமென்றால் நம் விரல்கள் நோகத்தான் செய்யும்.

இதையெல்லாம் மீன் கையில் துள்ளும்போது யோசிக்க நேரம் கிடையாது. முள்ளின் நுனியில் பின்னோக்கி நீட்டியிருக்கும் சிறு கூர்முனையை முந்தின இரவே வீட்டில் குறடால் நசுக்கிவிட வேண்டும். நரம்பு தகுந்த கனத்தில் இருக்க வேண்டும். மிக மெல்லியது என்றால் போராட்டம் நீண்டு மீன் களைத்துவிடும். துளையில் மிதக்கும் பனிக்கூழை அள்ளிப்போட்டுச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். குறடு மேல்பையில் இருக்க வேண்டும். நன்றாக விடுகிறவரை உற்றுப் பார்த்தால் ஒன்று தெரியும்: மீன் தூண்டிலைத் தொடுவதற்கு வெகுநேரம் முன்பே அவர் அதை விடத் தொடங்கியிருப்பார்.

வாழ்க்கையிலும் விடுவதை ஒரு நாளில் எடுக்கும் மன முடிவாகவே நாம் பேசுகிறோம். பற்றை விடு, பதவியை விடு, பிள்ளையை அவன் போக்கில் விடு என்கிறோம். மனம் இசைந்தால் எல்லாம் நடந்துவிடும் என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது. எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. என் அம்மா நான் ஊரை விட்டுக் கிளம்பிய அன்று அழவில்லை என்று சொந்தக்காரர்கள் வியந்தார்கள். நான் பள்ளியில் படிக்கும்போதே வங்கிக்கும் ரேஷன் கடைக்கும் மின் கட்டணம் கட்டவும் என்னைத் தனியாக அனுப்பியவர் அவர். ஒவ்வொரு முறையும் வாசலில் நின்று தவித்திருக்கிறார். என்னை அனுப்பும் வேலையை அவர் அங்கேயே கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து முடித்திருந்தார். இதற்கு நேர்மாறாக, நான் ஒருவரிடம் வேலை பார்த்தேன். திறமைசாலி, உழைப்பாளி. ஓய்வு பெறும் நாள் வரை ஒரு கோப்பைக்கூட அடுத்தவருக்குப் பழக்கிவிடவில்லை. மாலையும் மரியாதையுமாகத்தான் போனார். அவர் பின்னாலேயே அந்தப் பிரிவும் தடுமாறி விழுந்தது. அவர் விட்டது நாற்காலியை மட்டும்.

மீனைப் பிடித்துத் துன்புறுத்திவிட்டுப் பிறகு விடுவது என்ன நியாயம் என்று கேட்பவர்கள் உண்டு. சுவிட்சர்லாந்தில், விட்டுவிடும் நோக்கத்தோடு தூண்டில் போடுவதையே விலங்குப் பாதுகாப்பு விதி தடை செய்கிறது. அந்தக் கேள்வியை நான் ஒதுக்குவதில்லை. சமையலுக்கு வேண்டிய மீன் கிடைத்ததும் தூண்டிலைச் சுருட்டிவிடுவதுதான் சரி என்று நினைக்கிறேன். மேலும் மேலும் பிடித்துப் படம் எடுத்து விட்டுக்கொண்டே இருப்பது, எத்தனை பதமாகச் செய்தாலும், ஏரிக்குச் செய்யும் உதவி ஆகாது.

கடையோ, பொறுப்போ, வளர்ந்த பிள்ளையோ, என்றாவது ஒருநாள் கைமாற்ற வேண்டிய ஒன்று உங்களிடம் இருக்கும். அந்த நாளுக்காகக் காத்திருக்காதீர்கள். இந்த வாரம் ஒரு கணக்கை அதை ஏற்கப் போகிறவர்களையே எழுதச் சொல்லுங்கள். பெட்டிச் சாவி எங்கே இருக்கிறது என்பதையும் சொல்லி வையுங்கள்.