கேளாச் செவியும் சாஸ்திர தானமும்



உயிர்களை அவை பெற்ற பொறிகளைக் கொண்டு வகுத்துக் காட்டியது நம் ஆகமங்களின் தனிச்சிறப்பு. மண்ணும் நீரும் மரமும் செடியும் ஊறு ஒன்றையே உணரும் ஓரறிவுயிர்கள். சங்கும் புழுவும் சுவையும் அறிவன. எறும்பு நாற்றமும் அறியும். வண்டு காட்சியும் பெறும். செவியைப் பெற்ற பின்னரே உயிர் ஐயறிவு எனும் படியை எய்துகின்றது. அதனோடு மனமும் வாய்த்த மானிடப் பிறவி பெறுதற்கரியது. இவ்வரிசையை நாம் இளமை முதல் ஒப்பித்து வருகின்றோம். ஆயினும், இதனையொட்டி எழவேண்டிய வினா ஒன்றை நாம் கேட்பதில்லை. பிறவியிலேயே செவி கேளாத குழந்தை நாலறிவுயிர் ஆகிவிடுமோ?

ஆகாது. பொறியின் கருவி பழுதுறலாம். பிறவியின் வகை மாறுவதில்லை. அக்குழந்தைக்கு மனம் உண்டு. நன்மை தீமை தேரும் ஆற்றல் உண்டு. எல்லையில்லா அறிவே இயல்பாகக் கொண்ட உயிர் உண்டு. அடைபட்டது ஒரு வாயில் மட்டுமே. மற்றைய வாயில்களைத் திறந்துவிடுவது சுற்றியிருப்போரின் கடமை.

இக்கடமையை இன்று விருதுநகர், சிவகாசிச் சீமையை முன்வைத்துச் சிந்திப்போம். அச்சீமை நமக்கு அயலானதன்று. அதன் தெற்கே நிற்கும் கழுகுமலை, ஆயிரத்து நூறு ஆண்டுகட்கு முன் நம் முன்னோர் கல்வி வளர்த்த இடம். அங்குள்ள பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்களின் கீழே ஆசிரியர், மாணாக்கர் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. ஆண்களோடு பெண்பாற் குரத்தியரும் அவருள் உளர். அறவோர் உறைவிடத்திற்கு வழங்கிய ‘பள்ளி’ என்னும் சொல்லே இன்று கல்விச்சாலைக்கும் பெயராயிற்று. அப்பெயரைத் தந்த மரபில் வந்தோர், பள்ளிக்குள் நுழையவியலாத குழந்தையைக் கண்டும் காணாதிருத்தல் தகுமோ?

அச்சீமையின் வரலாறு நாம் அறிந்ததே. சிவகாசியிலிருந்து இரு இளைஞர் 1922-இல் கல்கத்தா சென்று தீக்குச்சித் தொழில் கற்றுத் திரும்பினர். வானம் பொய்க்கும் கரிசல் நிலத்தில் அத்தொழில் பல்லாயிரவர்க்குச் சோறிட்டது. பட்டாசும் அச்சுத் தொழிலும் உடன் வளர்ந்தன. ஆனால் பிஞ்சுக் கைகளும் அவ்வேலைக்கு இழுக்கப்பட்டன. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1996 டிசம்பர் 10-இல் உச்சநீதிமன்றம், இடர் மிகுந்த தொழிலில் குழந்தையை அமர்த்திய முதலாளி ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் வீதம் மறுவாழ்வு நிதிக்குச் செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. சிவகாசியைக் குறித்த வழக்கில் பிறந்த தீர்ப்பு அது.

பேசும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பச் சட்டம் துணைநின்றது. பேசாத பிள்ளையின் நிலை அதனினும் கடினம். “இதற்குப் படிப்பு ஏறாது, கைவேலை போதும்” என்று வீட்டாரே முடிவு செய்துவிடும் இடர் அதற்கு உண்டு. கைவேலை இழிந்ததன்று. ஆயினும், வெடிமருந்து சூழ்ந்த கூடத்தில் “ஓடு!” என்னும் கூக்குரலைக் கேட்கவியலாத ஒருவரை, எச்சரிக்கைப் பலகையைப் படிக்கவும் கற்பிக்காமல் அமர்த்துவது, அறிந்தே செய்யும் இம்சையன்றோ?

இங்கே சிலர், “முன்வினைப் பயனை யாம் என் செய்வோம்?” என்பர். வினைக்கொள்கை நம் அறத்தின் வேர், அதனை மறுப்பாரில்லை. ஆனால் அது அவரவர் தம் நெஞ்சை ஆய்வதற்கு அருளப்பட்டதேயன்றி, பிறர் துயரைக் கண்டு கைகட்டி நிற்பதற்கன்று. உயிர்கள் ஒன்றற்கொன்று உதவுதலே அவற்றின் இயல்பு என உமாஸ்வாமிகள் தத்வார்த்த சூத்திரத்தில் அறுதியிட்டார். பிறர் அறிவு பெறுவதற்கு இடையூறு செய்வோர்க்கு ஞானாவரணீய வினை வந்து பற்றும் என்பதும் அந்நூலின் முடிபே. குழந்தையின் பழவினையை ஆராயும் நாம், அதன் கல்வியைத் தடுத்தால் நமக்கு வரும் புதுவினையை ஏன் எண்ணுவதில்லை?

மற்றொரு ஐயமும் எழலாம். சுருதம் என்னும் சொல்லுக்கே ‘கேட்கப்பட்டது’ என்பது பொருள். கேளாதவர்க்குச் சுருத ஞானம் எங்ஙனம்? விடையை நூல்களே தருகின்றன. சுருதத்திற்கு முன்நிகழ்வது மதிஞானம். அது ஐம்பொறிகளாலும் மனத்தாலும் பிறப்பது. மேலும் சுருதம் எழுத்தொலி சார்ந்தது, சாராதது என இருவகைத்து. ஆகவே கண்வழியும் கைவழியும் மனம் புகும் அறிவுக்கு நம் மரபில் இடம் உண்டு.

இதனையே இன்றைய செவியியலும் வேறு சொற்களால் கூறுகின்றது. மொழி வேரூன்றுதற்கு வாழ்வின் முதல் மூன்று ஆண்டுகள் இன்றியமையாதவை. பிறந்த சிசு உறங்கும்போதே அதன் செவியைச் சோதித்தறியக் கருவிகள் உள்ளன. குறை கண்டவுடன் செவித்துணைக் கருவி அணிவித்து, தாயும் ஆசிரியையும் நாள்தோறும் பேசிப் பழக்கினால் பல குழந்தைகள் பேசுகின்றன. சென்னையில் 1969-இல் தொடங்கிய பால வித்யாலயா இளங்குழந்தைகளுக்கு இவ்வழியில் பயிற்சி தருகின்றது. கருவியும் பயன்படாதவர்க்கு உட்செவியில் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவைச் சிகிச்சை, தமிழகத்தில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் ஆறு வயதிற்குட்பட்ட தகுதியுடைய குழந்தைகளுக்குச் செய்யப்படுகின்றது. நகரத்தார் இதனை அறிவர். கரிசற்காட்டுக் கூலித்தாய்க்கு உரிய காலத்தில் எடுத்துச் சொல்வார் வேண்டுமன்றோ?

காலம் கடந்த குழந்தைக்குச் சைகைமொழி உண்டு. அதனைத் தாழ்வெனக் கருதுவது அறியாமை. உதட்டசைவை நோக்கியே புரிந்துகொள்ளட்டும் என்போர் ஒன்றை எண்ணுக: ‘பாலை’, ‘மாலை’ என்னும் இரு சொற்களுக்கும் உதடு ஒன்றுபோலவே அசையும். லகர ளகர ழகரங்களோ வாயினுள்ளே மறைந்து பிறக்கும். செவியற்ற குழந்தை இவற்றை எங்ஙனம் பிரித்தறியும்? சைகையும் எழுத்தும் சேர்ந்தால் ஐயம் நீங்கும். பாளையங்கோட்டையில் புளோரன்ஸ் ஸ்வைன்சன் அம்மையார் 1890-களிலேயே இத்தகைய குழந்தைகட்குப் பள்ளி கண்டார். பிற சமயத்தாரின் இத்தொண்டை நாம் நெஞ்சாரப் போற்றுவதோடு, அதனின்று கற்கவும் வேண்டும். நம் அறத்தாரிடையிலும் முன்மாதிரி உண்டு. பகவான் மகாவீரர் திருப்பெயரால் 1975-இல் ஜெய்ப்பூரில் தோன்றிய உதவிக் கழகம், காலிழந்தோர்க்குச் செயற்கைக் கால்களை விலையின்றி வழங்கி வருகின்றது.

கல்வி பெற்றால் வாழ்வும் உண்டு. 2016-ஆம் ஆண்டுச் சட்டம், குறிப்பிட்ட அளவு குறைபாடுடைய குழந்தைக்கு 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வியை உரிமையாக்கியது. அரசுப் பணியிலும் செவித்திறன் குறைந்தோர்க்கு ஒதுக்கீடு தந்தது. சிவகாசியிலேயே அச்சுக்கூடங்கள் பல உள. கண்ணும் கையும் எழுத்தறிவும் கொண்டு செய்யும் அப்பணிக்குச் செவிக்குறை தடையாகாது. மருந்துக் கூடத்திற்கும் அச்சுக்கூடத்திற்கும் இடையிலுள்ள தொலைவைக் கடப்பிக்கும் பாலமே கல்வி.

நால்வகைத் தானத்தை இங்கே நினைவு கூர்வோம். செவிக் கருவியும் சிகிச்சையும் ஔஷத தானம். விடுதிப் பிள்ளைக்கு உணவு ஆகார தானம். ஆபத்தான வேலையினின்று மீட்டல் அபய தானம். எழுத்தறிவித்தல் சாஸ்திர தானம். நான்கும் ஒரு குழந்தையிடத்தே ஒருங்கு நிறைவேறும் வாய்ப்பு இதனினும் எங்கே கிட்டும்?

தீபாவளி நமக்கு வர்த்தமானர் வீடுபேறெய்திய புனித நாள். அந்நாளில் விளக்கேற்றுவதே நம் வழக்கம். வெடியோசை நம் அறத்திற்கு ஒவ்வாதது. பேரோசை உட்செவியின் நுண்மயிர் அணுக்களை அழிக்கும். அழிந்தவை மீண்டும் முளைப்பதில்லை. நம் பிள்ளைகள் பட்டாசுக்குக் கேட்கும் தொகையை ஒவ்வோர் ஆண்டும் தனியே எடுத்துவைத்து, செவிகேளாதோர் பள்ளி ஒன்றிற்கு அளிப்போமாக. ஆயின், பட்டாசை விலக்குவதோடு அதனைச் செய்து பிழைக்கும் எளியோரையும் மறந்துவிட்டால் அது அரை அறமே. அவர்தம் பிள்ளைகளின் கல்விக்கு அத்தொகை சென்றால் அறம் முழுமை பெறும்.

இன்னொன்றும் செய்யலாம். நம் ஊரில், நம் தெருவில், அழைத்தால் திரும்பாத குழந்தையைக் கண்டால், அதன் பெற்றோரை மருத்துவரிடம் நாமே உடனழைத்துச் செல்வோம். இதற்குப் பொருள் வேண்டா. அரைநாட் பொழுது போதும்.

சமவசரணத்தில் எழும் திவ்யத்வனி, கூடியிருக்கும் ஒவ்வோர் உயிர்க்கும் அதனதன் மொழியில் விளங்கும் என்பது நம் நம்பிக்கை. அறவுரை கேட்போர்க்கு ஏற்றவாறு சென்றடைய வேண்டும் என்பதே அதன் குறிப்பு. செவியுள்ளார்க்குச் சொல்லாகவும் செவியில்லார்க்குக் கையாகவும் எழுத்தாகவும் அவ்வறத்தை நாம் கொண்டு சேர்ப்போமாக.

அறவாழி வெல்க! எல்லா உயிரும் இன்புற்று வாழ்க!